காலுக்கடியில் ஒரு கல்

பொம்மையின் காலுக்குக் கீழே தரை வேண்டுமா வேண்டாமா என்று வளர்ந்த மனிதர்கள் இருவர் வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். ஹட்டன் பஸாரில், தர்ஷனாவின் பரிசுப்பொருள் கடைக்கு மேல்மாடியில் அதுதான் நடந்தது.

கடை தர்ஷனாவுடையது. துணி வியாபாரத்தில் ஊறிய குடும்பத்துப் பெண். சுற்றுலா வருகிறவர்கள் எதைக் காசு கொடுத்து வாங்குவார்கள், எதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பொம்மை துஷாந்துடையது. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, கொழும்பில் கணினியில் உருவம் செதுக்கக் கற்று, உருவங்களை அச்சிடும் இயந்திரம் ஒன்றையும் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்கு வந்து சேர்ந்தவன். இருவரும் கூட்டாக விற்க நினைத்தது கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம். முழுப் பொம்மையாக அல்ல. தலை, கை, கூடை, உடம்பு என்று துண்டு துண்டாக ஒரு பெட்டியில் இருக்கும். வாங்குகிறவரே ஒட்டி, சாயம் பூசி முடித்துக்கொள்ள வேண்டும். அதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள்.

பெட்டிக்குள் ஒரு வெறும் வட்டத் தட்டுப் போதும் என்றாள் தர்ஷனா. வாங்குகிறவர் அதன்மேல் புல்லை ஒட்டட்டும், மணலைத் தூவட்டும், பனி பெய்ய வைக்கட்டும், அது அவர் பாடு. நாம் தரையையும் செதுக்கிக் கொடுத்தால் அச்சுக்கு ஊற்றும் ரெசின் இரட்டிப்பாகும், தபாலில் முனை உடையும், வாங்குகிறவருக்குச் செய்வதற்கும் ஒன்றும் மிஞ்சாது. இப்படி அவள் அடுக்கிக்கொண்டே போனாள். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே துஷாந்துக்கு எரிச்சல் வந்தது.

“காலுக்குக் கீழ ஒண்ணும் இல்லாம நின்னா அது பொம்மை. தரை இருந்தாத்தான் ஆளு,” என்றான்.

சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவனுக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே பொம்மைக்குச் சாயம் பூசுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அதை எழுதிப் போட்டான். கைதட்டல் படங்கள் வந்தன. கூடவே கொழும்புக்காரர் ஒருவரின் பதிலும் வந்தது. சிற்பிக்கு யோசனை வற்றிப்போனால் உருவத்தின் காலடியில் ஒரு கல்லைப் போட்டு, ஒற்றைக் காலைத் தூக்கி அதன்மேல் வைத்துவிடுவான், பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, இனிமேலாவது தரையை எங்களிடம் விடுங்கள் என்று எழுதியிருந்தார். துஷாந்துக்குச் சுருக்கென்றது. அவன் போட்டு வைத்திருந்த வரைபடத்திலும் கல்தான், தூக்கி வைத்த கால்தான். தன் கல் வெறும் அலங்காரக் கல் இல்லை, தன் மண்ணில் உள்ள கல் என்று நீளமாக ஒரு பதில் எழுதினான். அதை எழுதும்போது அப்படியொரு கல் அவனிடம் இல்லை. எழுதிய பிறகுதான் தேடப் போனான்.

பொம்மைக்கு முகம் கொடுத்தவள் அவனுடைய மதினி, அண்ணன் பழனியாண்டியின் மனைவி பேச்சியம்மா. அவளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. கவ்வாத்து வெட்டி மொட்டையடித்த மலை மறுபடி துளிர்த்து, முதன்முதலாகக் கொழுந்து எடுக்கும் நாளில், அந்தத் தோட்டத்தில் முதல் கைப்பிடி பேச்சியம்மாவுடையது. கைராசிக்காரி என்று பெயர். அவள் முதல் கொழுந்தைக் கிள்ளிச் சாமிக்கு வைத்து, விளைச்சல் பெருகட்டும் என்று “பொலி” குரல் கொடுத்த பிறகுதான் மற்றப் பெண்கள் தேயிலை நிரையில் இறங்குவார்கள். அவள் கைபட்ட மலை பொய்த்ததில்லை என்று மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். லயத்து ஒற்றைக் காம்பரா அறையும் இடுப்பில் கட்டும் ஈரப் படங்குச் சாக்கும் கால் வெடிப்பும் எல்லோருக்கும் பொது. இந்த ஒன்று மட்டும் பேச்சியம்மாவுக்கே உரியது.

உங்கள் கைராசியை உலகமே பார்க்கட்டும் மதினி என்று சொல்லித்தான் துஷாந்த் அவளைச் சம்மதிக்க வைத்தான். கொழுந்து பறிக்கிறவளைப் பொம்மை செய்யக் கொழுந்தனார்தான் வரவேண்டுமாக்கும் என்று கேலி பேசிக்கொண்டே அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள். லயத்துக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு காலை வைத்து நிற்கச் சொன்னான். எதற்கு என்று கேட்டாள். உயரமாகத் தெரியும் என்றான். செருப்பைக் கழற்றிவிடட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம், உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்றான். அவள் நின்றாள். அவன் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தான். எல்லாப் பக்கத்துப் படமும் இருந்தால் கணினி அதை உருவமாக்கித் தந்துவிடும்.

அன்று சாயங்காலம் பாலத்தடி மலைப் பக்கம் போனான். அப்போதுதான் கவ்வாத்து வெட்டி முடித்திருந்தார்கள். வெறும் குச்சிகளுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நின்றது. நடுவில் ஒரு பிளவு, ஒரு பக்கத்தில் கால் வைப்பதற்கென்றே செய்தாற்போல ஒரு திட்டு. மழை கழுவியிருந்ததால் மஞ்சளும் இல்லை, பொட்டும் இல்லை. போனை எடுத்து அதையும் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டான்.

அது தோட்டமே கும்பிடும் கொழுந்துச்சாமி என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். சின்ன வயதில் அந்தப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவன்தான். மறந்துவிட்டான் என்று சொல்லி அவனைத் தப்பவிட முடியாது. மறக்கவில்லை, நினைக்கவில்லை, அவ்வளவுதான். போன் திரைக்குள் பார்த்தபோது அது சாமியாகத் தெரியாமல் அருமையான கல்லாகத் தெரிந்தது. கொழும்புக்காரருக்கு எழுதிய பதிலுக்கு ஏற்ற கல் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் மற்றதெல்லாம் அடிபட்டுப் போயிற்று.

கணினியில் வாளியை அழித்துவிட்டுக் கல்லை வைத்தான். கால் கல்லின் திட்டில் அச்சாகப் பொருந்தியது. செருப்பின் வார்கூடத் துல்லியமாக வந்தது. இரண்டையும் ஒரே துண்டாக அச்சிட்டான். கடைசியில் தர்ஷனாவும் விட்டுக்கொடுத்தாள். பெட்டிகள் நன்றாகவே போயின. வெள்ளைக்காரர்கள் வாங்கினார்கள், கொழும்புப் பிள்ளைகள் வாங்கினார்கள். குழுவில் அந்தக் கொழும்புக்காரரே, இந்தக் கல்லுக்கு ஓர் உயிர் இருக்கிறது என்று எழுதினார். அதைப் படித்துவிட்டுத் துஷாந்த் தலைகால் புரியாமல் அலைந்தான்.

பாலத்தடி மலை துளிர்விட்டு, முதல் கொழுந்துக்கு நாள் குறித்தாயிற்று என்று மதினி போனில் சொன்னபோது அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு முழ உயரத்தில் பெரிதாக ஒரு பொம்மை அச்சிட்டு, தன் கையாலேயே சாயம் பூசினான். சேலைக்கு மதினியின் சேலை நிறம், முகத்துக்கு அவள் சிரிப்பு. கல்லுக்குச் சாம்பல் நிறமும் கொஞ்சம் பாசியும் தீட்டினான். அதைத் தோட்டத்துக்குப் பரிசாகக் கொண்டுபோனான்.

பெண்கள் எல்லோரும் முன்னமே வந்திருந்தார்கள். கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டிட்டு, விளக்கேற்றியிருந்தார்கள். வாழையிலையில் பழமும் வெற்றிலையும் தேங்காயும் இருந்தன. செருப்புகளெல்லாம் றோட்டோரத்தில் குவியலாகக் கிடந்தன. துஷாந்தும் தன் சப்பாத்தைக் கழற்றி அந்தக் குவியலின் ஓரத்தில் வைத்தான். கழற்ற வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, கால் தானாகக் கழற்றிக்கொண்டது. வெறுங்காலோடு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஈரமண்ணில் நடந்து போனான்.

தோட்டத் தலைவர் ஆண்டியப்பன் முகம் கொள்ளாத சிரிப்போடு வரவேற்றார். நம் தோட்டத்துப் பிள்ளை நம் ஆளையே சிலையாகச் செய்து கொண்டுவந்திருக்கிறது என்று எல்லோரையும் கூப்பிட்டார். சாமிக்கு முன்னாலேயே வை என்றார். துஷாந்த் பொம்மையை எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்தான்.

முதலில் சிரிப்புத்தான் எழுந்தது. பேச்சி நிற்கிற மாதிரியே இருக்கிறதே, மூக்குத்திகூட விடவில்லையே என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பேச்சியம்மா வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு சிரிப்பு ஓரிடத்தில் நின்றது, அப்படியே எல்லா இடத்திலும் நின்றது.

இளையவளான ஷாமிலா குனிந்து பார்த்தாள். பொம்மையின் கல்லைப் பார்த்தாள், நிமிர்ந்து சாமியைப் பார்த்தாள்.

“இது நம்ம சாமிக் கல்லுல்ல?” என்றாள்.

பெரிய கல்லும் சின்னக் கல்லும் அக்கம்பக்கமாக இருந்தன. அதே பிளவு, அதே திட்டு. ஒன்றின் திட்டில் விளக்கு எரிந்தது, மற்றதன் திட்டில் செருப்புக் கால் இருந்தது. துஷாந்தும் அப்போதுதான் பார்த்தான். எத்தனை இரவு அந்தக் கல்லைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் திருப்பியும் பார்த்தவன், அப்போதுதான் பார்த்தான்.

ஆண்டியப்பன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தம்பி, இதுல செருப்புக் காலு எப்பிடி வந்துச்சு?” என்று கேட்டார்.

நான்தான் வைத்தேன், யோசிக்காமல் வைத்தேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. சொல்லியிருந்தால் நாலு பேர் திட்டியிருப்பார்கள், யாராவது ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றியிருப்பாள், மத்தியானத்துக்குள் ஆறியிருக்கும். ஆனால் அத்தனை கண்களும் தன்மேல் இருந்தபோது அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

“நான் இல்லைங்க தலைவரே. கொழும்புல கம்ப்யூட்டர்ல பண்றவங்க மாத்திட்டாங்க.”

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. கொழும்பில் யாரும் இல்லை. ஹட்டன் மேல்மாடியில் அவனும் இயந்திரமும்தான் இருந்தார்கள்.

அப்படியென்றால் நம் சாமியின் படம் கொழும்புக்கு எப்படிப் போனது என்று தலைவர் கேட்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு ஏறியது. ஹட்டன் கடைக்கே போய்க் கேட்கலாம் என்றது ஒரு குரல். ஃபேஸ்புக்கில் போட்டு நாறடிக்க வேண்டும் என்றது இன்னொன்று. படம் எடுத்தது யார் என்று முதலில் தெரியட்டும் என்றது மூன்றாவது. எல்லோரும் துஷாந்தையே பார்த்தார்கள். அவன் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நான்தான் தலைவரே,” என்றாள் பேச்சியம்மா. “தம்பி படம் புடிக்கயில கல்லுல கால வச்சு நின்னது நான்தான். செருப்பக் கழட்டணும்னு தோணல. அதத்தான் அவங்க அப்பிடியே பண்ணிட்டாங்க.”

துஷாந்த் நிமிர்ந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, தலைவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கால் வைத்தது லயத்துக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட வாளியில். அது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். அங்கே நின்றவர்களில் வேறு யாருக்கும் தெரியாது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் காத்திருந்தான், தானே சொல்ல வேண்டியதற்கு யாரோ சொல்லப்போவதுபோல.

“நீயா பேச்சி?” என்றார் ஆண்டியப்பன். அவருக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் வழியில்லை.

அவளை யாரும் திட்டவில்லை. அவள் இத்தனை வருஷமாகச் சாமிக்குச் செய்ததை எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் சாமிமேல் செருப்போடு ஏறிய காலோடு முதல் கொழுந்துக்கு எப்படி நிற்பது என்ற கேள்வி எல்லோர் முகத்திலும் இருந்தது. அதை யாரும் கேட்கும்படி அவள் வைத்துக்கொள்ளவில்லை. இந்த வருஷம் ஷாமிலா கை வைக்கட்டும் என்று தானே சொல்லி ஒதுங்கினாள். குடத்தை எடுத்துக் கல்லை மறுபடி ஒரு தடவை கழுவினாள். மஞ்சளைக் கரைத்து ஊற்றினாள். ஈரமண்ணில் முகம் பட விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது நெற்றியில் சேறு ஒட்டியிருந்தது, அதை அவள் துடைக்கவில்லை.

ஷாமிலா முதல் கொழுந்தைக் கிள்ளி இலையில் வைத்தாள். பொலி என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்டிருக்காது. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுப் பிந்தித்தான் சேர்ந்துகொண்டார்கள். பேச்சியம்மா கூடையை மாட்டிக்கொண்டு மேலே ஏறிப் போனாள். தண்ணீர் ஓடும் கானோரத்தில், அட்டைக்கடி அதிகமுள்ள கடைசி நிரையை எடுத்துக்கொண்டாள்.

துஷாந்த் பொம்மையைப் பெட்டிக்குள் திணித்து மூடினான். அவனை யாரும் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. வழக்கப்படி அவன் கையிலும் ஒரு வாழைப்பழமும் தேங்காய்ச் சில்லும் கொடுத்தார்கள். கொடுத்தவள் அவனுக்காகப் பரிதாபப்பட்டாள். நீ என்ன செய்வாய் தம்பி, கொழும்புக்காரங்களுக்கு நம்ம சாமி எங்கே தெரியப்போகிறது என்றாள். அவனால் அந்தப் பழத்தைத் தின்னவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

தேத்தண்ணி நேரத்தில் எல்லோரும் கீழே இறங்கிய பிறகு அவன் மேலே ஏறினான். பேச்சியம்மா இறங்கவில்லை. தனியாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவன் வந்து நின்றது தெரிந்தும் கை நிற்கவில்லை. இந்த மாதிரிப் பொம்மை இன்னும் எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். கடையில் கொஞ்சம் இருக்கிறது, நிறைய வெளிநாட்டுக்குப் போய்விட்டது என்றான்.

“போகட்டும். அங்க உள்ளவங்களுக்கு அது வெறுங்கல்லுதானே,” என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். தனக்கும் அது வெறுங்கல்லாகத்தானே இருந்தது என்று நினைத்தபோது அவனுக்கு அந்த மலையிலேயே புதைந்துபோகலாம் போல இருந்தது.

“மதினி, நான் தலைவர்கிட்ட போயி நெசத்தச் சொல்லிடுறேன்.”

அப்போதுதான் அவள் கை நின்றது. திரும்பி அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பான்.

“சொல்றதா இருந்தா அப்பவே சொல்லியிருப்ப தம்பி,” என்றாள். “இப்ப நீ சொன்னா, சாமி முன்னால பொய் சொன்னவளா நான்ல நிப்பேன். மிச்சம் இருக்கறதும் போயிரும். விடு.”

மறுபடி கொழுந்துக்குத் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு எந்த வழியில் நன்மை செய்யப் போனாலும் அது அவளையே அடிக்கும்படி அவன்தான் கட்டிவைத்திருந்தான். கீழிறங்கிப் பஸ் ஏறினான்.

ஹட்டனுக்கு வந்ததும் கடையில் மிச்சமிருந்த பெட்டிகளை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கினான். கல்லும் காலும் சேர்ந்த துண்டுகளைச் சுத்தியலால் உடைத்தான். இரண்டு காலும் தரையில் ஊன்றி, வெறுங்காலோடு நிற்கும்படி உருவத்தை மறுபடி செதுக்கினான். கீழே ஒரு வெறும் வட்டத் தட்டு வைத்தான். காரணம் கேட்ட தர்ஷனாவிடம், நீங்கள் சொன்னது சரிதான், தபாலில் உடைகிறது என்றான்.

குழுவிலும் எழுத வேண்டியிருந்தது, ஏனென்றால் கல் எங்கே போனது என்று எல்லோரும் கேட்டார்கள். தரையை வாங்குகிறவரிடம் விடுவதுதான் முறை, அது சிற்பியின் உரிமை அல்ல, நான் நினைத்தது தவறு என்று எழுதினான். தவறு என்ற அந்த ஒரு சொல்லையாவது எங்காவது சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. பதில்கள் குவிந்தன. தன் கருத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் துணிச்சல் எல்லோருக்கும் வராது என்று கொழும்புக்காரர் பாராட்டியிருந்தார்.

தர்ஷனா அதைத் தன் போனில் படித்துவிட்டு மாடிக்கு ஏறி வந்தாள்.

“எல்லாரும் பாக்கத் தப்ப ஒத்துக்கிட்டீங்களே துஷாந்த். அதுக்குப் பெரிய மனசு வேணும்,” என்றாள்.

துஷாந்த் தலையைக் குனிந்துகொண்டு, தேங்க்ஸ் என்றான். அந்தப் பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டான்.